வாஸ்கோடகாமா: வழி கண்டவரா, வழி கேட்டவரா?

நம்பிக்கை: இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தவர் வாஸ்கோடகாமா.

உண்மை: ஐரோப்பாவில் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியா வரை முதலில் கப்பலோட்டி வந்தவர் அவர்தான். அந்தப் பெருமை அவருக்கு இருக்கட்டும். ஆனால் ஆப்பிரிக்காவின் தென்முனையை 1488-லேயே பார்த்தலோமியோ டயஸ் சுற்றிவிட்டார். அதற்கு இப்பால் இருந்த கடலில் அரபு, குஜராத்தி வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மிளகுக்காக யவனர்கள் முசிறிக்கு வந்ததோ இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய கதை.

காமாவுக்கு வழிகாட்டி ஒருவரைக் கொடுத்தவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் மாலிந்தியின் மன்னர். அந்த வழிகாட்டி புகழ்பெற்ற அரபு மாலுமி இபின் மஜீத் என்பார்கள். பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஓர் அரபு நூலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த கதை அது. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்தி என்றே எழுதுகிறார்கள். யாராக இருந்தாலும் காற்றறிந்தவர். 1498 ஏப்ரல் கடைசியில், தென்மேற்குப் பருவக்காற்று எழும் நேரம் பார்த்துப் பாய் விரித்தார்கள். நடுக்கடலைத் தாண்ட 23 நாள்தான் ஆனது. மே 20-ல் கோழிக்கோட்டுப் பக்கம் நங்கூரம் பாய்ச்சினார்கள்.

திரும்பும்போதுதான் கடல் கணக்குத் தீர்த்தது. வடகிழக்குக் காற்று தொடங்கும்வரை பொறுக்காமல் ஆகஸ்ட் இறுதியிலேயே காமா கோழிக்கோட்டைவிட்டுக் கிளம்பினார். அக்டோபர் தொடக்கத்தில் இந்தியக் கரையோரத் தீவான அஞ்சதீவிலிருந்து புறப்பட்ட கப்பல்கள், எதிர்க்காற்றிலும் காற்றே இல்லாத கடலிலும் கிடந்து ஆப்பிரிக்கக் கரையைக் காண ஏறக்குறைய மூன்று மாதம். ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி முப்பது பேர் மாண்டார்கள். ஓட்ட ஆளில்லாமல் சாவோ ரஃபேல் கப்பலைத் தாங்களே கொளுத்தினார்கள்.

நம்பிக்கை: கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி காமாவிடம் மயங்கிப்போனார்.

உண்மை: தொப்பி, கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, தேன் என்று காமா எடுத்து வைத்த காணிக்கையைப் பார்த்து அரசரின் ஆட்களே சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட நன்றாகத் தருவான் என்றார்களாம்.

1502-ல் இரண்டாம் முறை வந்தபோது அவரிடம் பீரங்கிக் கப்பல்கள் இருந்தன. மெக்காவிலிருந்து திரும்பிய ‘மீரி’ கப்பலைக் கொள்ளையடித்து, பெண்கள் உள்ளிட்ட பயணிகளோடு எரித்தார். இதை எழுதிவைத்தவர் எதிரி அல்ல, அவர் படையிலேயே வந்த தோமே லோபஸ் என்ற போர்த்துகீசியர். ‘கண்டுபிடித்தார்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.