மூளையில் கால்சியம் செய்யும் வேலையும் பக்கவாதமும்

கால்சியம் என்றதும் நமக்கு எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். மூளையில் அதற்கு வேறு வேலை. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால், மிகச் சிறிதளவு கால்சியம் அதனுள் நுழைய வேண்டும். நாம் கையைத் தூக்குவதும், ஒரு பெயரை நினைவில் வைப்பதும் இதனால்தான் நடக்கிறது.

சிறிதளவு என்பதுதான் முக்கியம். செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் சுமார் 10,000 மடங்கு அதிகம். உள்ளே வந்ததை உடனுக்குடன் வெளியேற்றும் பம்புகள் செல்லின் சுவரில் இருக்கின்றன. தாழ்வான வீட்டில் மழைக்காலத்தில் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பதால்தானே தண்ணீர் ஏறாமல் இருக்கிறது! மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். இந்தப் பம்புகளுக்கு இரத்தம் கொண்டுவரும் ஆக்ஸிஜனும் சர்க்கரையும் வேண்டும்.

பெரும்பாலான பக்கவாதங்களில், உறைந்த இரத்தம் மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துவிடுகிறது. பம்புகள் நின்றுபோகின்றன. குளூட்டமேட் என்னும் செய்திப் பொருள் அளவுக்கு மீறிக் கொட்டி, பக்கத்துச் செல்களின் கால்சியம் வாசல்களைத் திறந்துவிடுகிறது. உள்ளே புகும் கால்சியத்தால் செல்லின் புரதங்களை அரிக்கும் நொதிகள் தூண்டப்பட்டு, செல் தன்னையே தின்னத் தொடங்குகிறது. அளவு மீறிய குளூட்டமேட் நரம்புச் செல்லைக் கொல்லும் என்பதை 1969இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளில் காட்டினார். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புச் செல்கள் அழிவதாக 2006இல் ஒரு கணக்கு வெளியானது.

(இந்தக் கால்சியம் மூளையிலேயே செல்களைச் சுற்றி எப்போதும் இருப்பது. இதைப் படித்துவிட்டு உம்மாமார் யாரும் பாலையோ டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையையோ நிறுத்திவிட வேண்டாம்.)

கால்சியம் வாசலை மருந்தால் மூடிவிட முடியாதா? பல மருந்துகளைச் சோதித்தார்கள். விலங்குகளிடம் பலன் தந்தவை பக்கவாத நோயாளிகளிடம் தோற்றன. எனவே அடைப்பை நீக்குவதுதான் வழி. அடைப்பின் மையத்தில் உள்ள செல்கள் விரைவில் இறந்தாலும், சுற்றியுள்ளவை சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். காப்பாற்றக்கூடியவை அவைதான். உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் போதும், 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிறது. அந்த நேரம் திரும்பி வராது. தண்ணீரோ சோடாவோ கொடுத்தால் புரையேறிவிடும். ஆஸ்பிரினும் கூடாது, ஏனென்றால் சிலருக்கு அது மூளையில் இரத்தக் கசிவாக இருக்கலாம். ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

மருத்துவமனையில் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைத்தான். இஷா தொழுதுவிட்டுப் படுக்கும்போது வாப்பா நன்றாகப் பேசினார், சுபுஹுக்கு எழுப்பியபோது வாய் கோணியிருந்தது என்றால், நாம் சொல்ல வேண்டிய நேரம் சுபுஹு அல்ல, அவர் படுக்கப் போன நேரம்.