மாடிக்குத் தட்டோடு மாற்ற ஏற்ற மாதம் எது?

மே மாதத்தில் மதுரையின் தெருக்களில் நடந்தால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஏதாவது ஒரு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து பழைய தட்டோடுகளை உடைத்துக் கீழே தள்ளிக்கொண்டிருப்பார்கள். தெருவில் செங்கல் ஜல்லியும் மணலும் குவிந்து கிடக்கும். “ஏன் இந்த மாதத்தில்?” என்று வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று காரணங்கள் சொல்வார். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை; மழைத் தொந்தரவு இல்லை; வெயில் நன்றாக அடிப்பதால் பூசியது சீக்கிரம் காய்ந்துவிடும்.

முதல் காரணத்தைப் பற்றி இயற்பியலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது முழுத் தவறு.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி விடுமுறையில், அக்கினி நட்சத்திர வெயிலில், எங்கள் வீட்டு மாடியின் தட்டோடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்தோம். “இந்த வெயிலுக்கு மூணே நாளில் இறுகிடும் சார்” என்றார் கொத்தனார். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு வெப்ப இயற்பியல் நடத்திவரும் நானும் தலையை ஆட்டினேன். ஆவணியிலேயே ஓடுகளுக்கிடையே மயிரிழை போன்ற கீறல்கள் தெரிந்தன. ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை பெய்தது. என் தாயார் படுத்திருந்த அறையின் நடுவே ஒரு வாளியும் இரண்டு குண்டான்களும் வைக்க வேண்டியதாயிற்று. செலவழித்த பணம் கீறல் வழியே ஒழுகிப் போனதைப் பார்த்தபடி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குகளே இக்கட்டுரை.

காய்வதும் இறுகுவதும்

வடகம் வெயிலில் காய்கிறது. அதிலுள்ள நீர் வெளியேறினால் வேலை முடிந்தது. சிமெண்ட் அப்படியன்று. அது நீரை இழந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஆற்றுப் பாலத்தின் தூண்களுக்கு நீருக்கடியிலேயே கான்கிரீட் போடுகிறார்களே, அது எந்த வெயிலில் காய்ந்தது? 50 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை சிமெண்ட் முழுமையாக வினைபுரிய ஏறத்தாழ 12 லிட்டர் நீர் வேதிமுறையில் அதனுடன் சேர வேண்டும். இவ்வினை ஒரு நாளில் முடிவதன்று, வாரக்கணக்கில் நடப்பது. கலவையின் உட்புற ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் வினை ஏறத்தாழ நின்றுவிடும். பார்ப்பதற்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் வலுவும் இராது, நீரைத் தடுக்கும் திறனும் இராது.

கொத்தனார்கள் பூசிய மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், ஈரச் சாக்குப் போடுவதும் இதற்காகவே. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் இந்த நீராற்றல் வேண்டும் என்கிறது. உலர்ந்த வெப்பமான சூழலில் 10 நாளாவது வேண்டும். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு, அத்தகைய சூழலில் 14 நாள்.

ஆனால் பாத்தி கட்டுவது மறுநாள் அல்லவா? பூசிய முதல் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது? இங்கேதான் மாதம் குறுக்கிடுகிறது.

ஆவியாதல் எதைப் பொறுத்தது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜான் டால்டன் கண்டு சொன்னார். ஈரப் பரப்பிலுள்ள ஆவியழுத்தத்துக்கும் காற்றிலுள்ள ஆவியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே முதற்காரணம். காற்றின் வேகம் அடுத்த காரணம். இரண்டு நாள்களை ஒப்பிடுவோம். கோடையின் கடைசியில், மேல்காற்று தொடங்கிய ஒரு நாள்: வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு, காற்று மணிக்கு 20 கிலோமீட்டர். தை மாதத்தில் ஒரு நாள்: 28 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு, காற்று மணிக்கு 8 கிலோமீட்டர்.

38 டிகிரியில் நீரின் தெவிட்டிய ஆவியழுத்தம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் பாதரசம். காற்றில் இருப்பது அதில் 40 விழுக்காடு, அதாவது 20. வேறுபாடு 30. தை நாளில் தெவிட்டிய அழுத்தம் 28; காற்றில் இருப்பது 17; வேறுபாடு 11 மட்டுமே. காற்றின் வேகத்தால் ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் கோடை நாளில் ஆவியாதல் ஐந்து மடங்கு!

கான்கிரீட் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் இவ்வெண்களை இட்டால், கோடை நாளில் சதுர மீட்டருக்கு மணிக்கு 1.7 கிலோ நீரும், தை நாளில் 0.3 கிலோ நீரும் ஆவியாகும் என்று வருகிறது. ஒரு கிலோவைத் தாண்டினாலே, இறுகாத பச்சைப் பூச்சு சுருங்கிக் கீறல் விடும் ஆபத்து மிகுதி என்பது அவர்கள் கொண்டுள்ள வரம்பு. தட்டோட்டின் கீழே 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவை போட்டால் அதில் சதுர மீட்டருக்கு இருக்கும் நீரே ஏறத்தாழ 5 லிட்டர்தான். மணிக்கு 1.7 லிட்டர் போனால் கொத்தனார் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் எவ்வளவு மிஞ்சும்? போதாக்குறைக்கு நனைக்காத ஓடும் அடித்தளமும் தம் பங்குக்கு உறிஞ்சும்.

தண்ணீர்ச் செலவையும் பாருங்கள். 600 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். பாத்தியில் நிற்கும் நீர் நாளொன்றுக்கு 8 மில்லிமீட்டர் ஆவியானால் தினமும் 450 லிட்டர் புதிதாக ஊற்ற வேண்டும். வைகை வறண்டு, குடிநீருக்கே குடங்களை வரிசையில் வைக்கும் மாதத்தில் எந்த வீட்டுக்காரர் 14 நாள் இப்படி ஊற்றுவார்? நானும் ஊற்றவில்லை. நான்காம் நாளே நிறுத்திவிட்டேன்.

பிறந்த வெப்பநிலை

இது ஒரு பாதிதான். மறு பாதியைப் பலரும் யோசிப்பதில்லை. எனக்கு இதுவே அதிகச் சுவையாகப் படுகிறது.

நீண்ட தண்டவாளங்களைப் பற்றவைத்துப் பொருத்தும்போது இரயில்வேப் பொறியாளர்கள் தண்டவாளத்தின் வெப்பநிலையைப் பார்க்காமல் பொருத்துவதில்லை. அதிகக் குளிரில் பொருத்தினால் கோடையில் விரிய இடமின்றி நெளியும். அதிக வெப்பத்தில் பொருத்தினால் குளிர்காலத்தில் சுருங்க முடியாமல் இழுவிசைக்கு ஆளாகும். ஆகவே சராசரி வெப்பநிலையை ஒட்டிப் பொருத்துகிறார்கள்.

மாடியின் மேற்பூச்சுக்கும் ‘பிறந்த வெப்பநிலை’ ஒன்று உண்டு. எந்த வெப்பநிலையில் அது இறுகுகிறதோ, அதுவே அதற்குத் தகைவில்லா நிலை. ஆனால் எஃகுக்கும் பூச்சுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. எஃகு இழுத்தாலும் தாங்கும், அமுக்கினாலும் தாங்கும். கான்கிரீட்டும் சாந்தும் அமுக்கத்தைத் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். ஆகவே அவற்றுக்குச் சூட்டில் பிறப்பதைவிடக் குளிர்ச்சியில் பிறப்பது நல்லது.

கணக்கைப் பார்ப்போம். எங்கள் மாடியில் சித்திரை மாதம் பிற்பகல் 2 மணிக்கு வெப்பமானியின் குமிழைப் பரப்போடு ஒட்டி வைத்து அளந்தேன்: 55 டிகிரி. மார்கழி விடியற்காலையில் அதே இடம் 22 டிகிரிக்கு இறங்குகிறது. 55 டிகிரியில் இறுகிய பூச்சு 33 டிகிரி குளிர்கிறது. விரிவுக் குணகம் டிகிரிக்கு ஒரு மில்லியனில் 11 பங்கு எனக் கொண்டால், அது மில்லியனில் 363 பங்கு சுருங்க விரும்பும். கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் தளம் அதை முழுதும் சுருங்க விடாது. கான்கிரீட் தாங்கும் இழுவைத் திரிபோ மில்லியனில் 100 முதல் 150 பங்கு வரைதான். கீறாமல் என்ன செய்யும்?

30 டிகிரியில் இறுகிய பூச்சுக்கு வருவோம். 8 டிகிரிதான் இறக்கம். மில்லியனில் 88 பங்கு. தாங்கிக்கொள்ளும். கோடையில் அது விரிய முயன்று அமுக்கத்துக்கு ஆளாகும். அமுக்கம் அதற்குப் பழக்கமான சுமை. உண்மையில் தளமும் ஓரளவு சேர்ந்தே சுருங்குவதால் இரு எண்களும் குறையும். உலர்வதால் வரும் சுருக்கம் தனியே வந்து சேரும். ஆகவே தையில் போட்டால் கீறலே வராது என்று நான் உறுதி தரமாட்டேன். கைப்பிடிச் சுவரோரமும், சில மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கேயும் இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் நிரப்பத்தான் வேண்டும்.

பழைய கீறலை அடைப்பதற்கும் இதே விதிதான். தளம் சுருங்கிக் கீறல் வாய் திறந்திருக்கும் விடியற்காலையில் அடைக்க வேண்டும். நண்பகலில் வாய் மூடியிருக்கும்போது அடைத்தால், இரவில் அது மீண்டும் திறந்து அடைப்பைப் பிய்த்துவிடும்.

மதுரையின் நாள்காட்டி

மதுரைச் சமவெளிக்கு ஆண்டில் ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு அருகில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேர இடிமழை உண்டு. ஆகஸ்டு, செப்டம்பரிலும் உண்டு. ‘கோடையில் மழைத் தொந்தரவு இல்லை’ என்பது பாதி உண்மைதான் என்று நான் சொன்னது இதனால். பச்சைப் பூச்சின் மேல் அரைமணி நேர இடிமழை போதும். ஜூன், ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட மேல்காற்று உசிலம்பட்டிப் பக்கமிருந்து புழுதியோடு வீசும். இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது தை, மாசி, பங்குனியின் முற்பாதி.

உண்மையான பாலைவனத்தோடு ஒப்பிட்டால் நம் நிலை சற்று நெருக்கடியானதே. ஜெய்சல்மரில் கோடைக்கு முன் பிப்ரவரி, மார்ச். கோடைக்குப் பின் அக்டோபர், நவம்பர் என்று மிதமான காலம் இருமுறை வருகிறது. நமக்கு அந்த இரண்டாவது வாய்ப்பை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்கிறது.

ஆடியிலும் மார்கழியிலும் வீட்டு வேலை தொடங்கக்கூடாது என்பது நம்மிடையே உள்ள வழக்கம். ஆடிக் காற்றைக் கண்டால் அதில் நியாயம் தெரிகிறது. மார்கழிக்கு இயற்பியலில் வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை. மழை ஓய்ந்துவிட்டால் மார்கழிப் பனி சிமெண்டுக்கு நண்பனே.

சிமெண்டுக்கு முந்திய சுண்ணாம்புத் தளங்களுக்கும் இதே மாதங்கள் பொருந்தும், காரணம் வேறு. 1636-ல் எழுந்த திருமலை நாயக்கர் மகால் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. நம் பழைய மச்சு வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, நாள்கணக்கில் தட்டித் தட்டித் தளம் போட்டார்கள். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகிறது. நுண்துளைகள் நீரால் நிறைந்திருந்தால் அந்த வாயு உள்ளே நுழையாது. அறவே உலர்ந்துவிட்டால் வினை நடக்க ஈரம் இராது. மழையும் ஆகாது, கடும் வெயிலும் ஆகாது. மேலிருந்து கீழாக மெல்ல இறுகும் அதற்கு, ஐப்பசி வருமுன் ஏழெட்டு மாத அவகாசமும் கிடைக்கிறது.

தகரக் கூரைக்கு ஈரம் ஒரு பொருட்டன்று; காற்றுத்தான் பொருட்டு. விநாடிக்கு 15 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு 135 நியூட்டன் அழுத்தம் தரும். இரண்டு சதுர மீட்டர் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் நிற்பவரை 27 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். ஆடியில் தகரம் மாற்றாதீர்கள். வைக்கோல் வேய்பவர்கள் அறுவடை முடிந்து புது வைக்கோல் கிடைக்கும் மாசியில் வேய்கிறார்கள். அதில் திருத்த ஒன்றுமில்லை. நீர்த்தடுப்புப் பூச்சு மட்டும் சிமெண்டுக்கு நேர்மாறு: தளம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தளத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. மாசியில் ஓடு பதித்தவர் பங்குனிக் கடைசியில் இதைப் பூசலாம்.

கோடையிலேயே செய்தாக வேண்டிய நிலை வந்தால்? மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு நிழல் தாருங்கள். வேலையை மாலையில் தொடங்குங்கள். ஓடுகளை நீரில் ஊறவையுங்கள். பூசிய இடத்தை உடனுக்குடன் ஈரச் சாக்கால் மூடுங்கள். மேலே சொன்ன கணக்கில் வெப்பநிலை, காற்று இரண்டுமே குறையும். இன்னொன்று: 55 டிகிரித் தளத்தில் உட்கார்ந்து நண்பகலில் வேலை செய்பவர்கள் மனிதர்கள். எங்கள் வீட்டு வேலையின் இரண்டாம் நாள் ஒரு சித்தாள் மயங்கி விழுந்தார். பந்தல் பூச்சுக்கு மட்டுமா தேவைப்பட்டது?

அடுத்த தை மாதத்தில் எங்கள் மாடியில் மீண்டும் ஓடு பதித்தோம். செலவு இரண்டாம் முறை. தளத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே விட்ட இடைவெளியின் இருபுறமும் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். விடியற்காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் கோடுகளின் தூரத்தை அளந்தால், மாடி மூச்சு விடுவது போல் அசைவதைக் காணலாம். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு கீறல் இருந்தால் நீங்களும் இப்படிக் கோடு போடுங்கள். மாதம் ஒருமுறை இரு வேளையும் அளந்து, தளத்தின் வெப்பநிலையையும் குறித்து வரைபடம் வரையுங்கள். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரிக்கு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் விரிய வேண்டும். உங்கள் அளவு அதைவிடக் குறைவாகவே வரும். ஏன் என்று ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.