தலைக்காயமும் மூளை நொதிகளும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. அச்சிரசினுள் அமைந்த மூளை, உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவினதே. எனினும், உடல் கொள்ளும் பிராணவாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பங்கைத் தானே ஏற்றுக்கொள்கின்றது. மூளையின் உயிரணுக்களில் வேதிவினைகள் இடையறாது நிகழ்கின்றன. அவ்வினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள் நொதிகள் எனப்படும். உமிழ்நீரிலுள்ள நொதி சோற்றின் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுதல் போல, மூளை நொதிகளும் தத்தம் தொழிலை அளவறிந்து செய்கின்றன.

கொங்கு நாட்டில் அவிநாசியை அடுத்துள்ளது சேவூர். அப்பகுதியிலிருந்து திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோர் பலர். தலைக்கவசமின்றிச் செல்லும் ஒருவர் வழியில் வீழ்ந்தார் என்று கொள்வோம். மண்டையோடு பிளவாதிருக்கலாம், குருதி ஒழுகாதிருக்கலாம். அவரும் எழுந்து, “எனக்கு ஒன்றுமில்லை” எனலாம். ஆயினும், உள்ளே கேடு தொடங்கியிருத்தல் கூடும்.

அஃது எங்ஙனம்? அதிர்ச்சியால் நரம்பணுக்களின் மென்தோல் நிலைகுலைய, வெளியே நின்ற கால்சியம் மிகுதியாக உட்புகுகின்றது. அதுகாறும் அடங்கியிருந்த கால்பெயின் என்னும் நொதி அதனால் கட்டவிழ்ந்து, உயிரணுவைத் தாங்கும் புரதங்களையே துண்டிக்கின்றது. வேலியே பயிரை மேய்வது போன்றது இது. நச்சுத்தன்மை வாய்ந்த பிராணவாயுக் கூறுகளை அடக்கும் காவல் நொதிகளும், அக்கூறுகள் பெருகுவதால் ஈடுகொடுக்க இயலாது தளர்கின்றன. வீழ்ச்சி ஒரு நொடியில் முடியும். இக்கேடோ மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் தொடரும்.

தமிழ்நாட்டில் 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ஆம் ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில், சீகாழியிற் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கி வளர்த்தனர். வேலூரில் பி. கே. பச்சாவத் என்னும் அறிஞர் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்தார். மண்டையினுள் உறைந்த குருதியை அகற்றி உயிர் காக்கும் முறை இன்று பல நகரங்களில் உண்டு. சிதைந்த நரம்பணுக்களிலிருந்து குருதியிற் கசியும் நொதி ஒன்றையும் வேறொரு புரதத்தையும் அளந்தறியும் சோதனைக்கு 2018ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்தது. எனினும், கட்டவிழ்ந்த கால்பெயினை அடக்கவல்ல மருந்து இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை.

ஆதலின், வருமுன் காத்தலே அறிவுடைமை. வண்டியில் ஏறுவோர் தலைக்கவசம் அணிதல் வேண்டும். தலையில் அடிபட்டவர்க்கு வாந்தி, கடுந்தலைவலி, மயக்கம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், “உறங்கி எழுந்தால் சரியாகும்” என்றிராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். காலந்தாழ்த்தாமையே அவருக்கு நாம் செய்யும் முதல் உதவியாகும்.