முதல் கேமராவைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் கேட்பது, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று. வாங்கிய கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நான் பிலிம் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். 36 படத்தோடு ரோல் தீர்ந்துவிடும். கழுவி எடுக்கும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. உங்களுக்கு எடுத்த கணமே பின்திரையில் படம் வந்துவிடுகிறது. கற்பதற்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். கேமராவுக்குப் பார்க்கத் தெரியாது. அது ஒளியை அளக்கும். அளந்ததை வைத்து ஊகிக்கும். அந்த ஊகம் எங்கே பலிக்கும், எங்கே பொய்க்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கல்வி முடிந்தது.

1. மீட்டர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேமராவின் லைட் மீட்டருக்கு ஒரே ஒரு நினைப்புதான். முன்னால் இருப்பது எதுவானாலும் மொத்தத்தில் அது நடுத்தரச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று அது எடுத்துக்கொள்ளும். தெருவும் மரமும் வானமும் கலந்த காட்சியில் இது பலித்துவிடும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் சுண்ணாம்புச் சுவர் முன் நின்றால் பலிக்காது. அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கும். படம் மங்கி இருண்டு வரும். கருங்கல் சிற்பத்தைச் சட்டம் நிறைய எடுத்தால் இதற்கு நேரெதிர். கருமையைச் சாம்பலாக்குவதற்காக வெளிச்சத்தைக் கூட்டி, கல்லை வெளுக்க வைத்துவிடும்.

திருத்துவது எளிது. கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள். வெள்ளை நிறைந்த காட்சிக்கு +1, கருமை நிறைந்ததற்கு −1 என்று வைத்து, அங்கிருந்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏற்கெனவே வெளுப்பாக இருப்பதற்கு மேலும் கூட்டுவதா என்று முதலில் குழப்பமாக இருக்கும். வீட்டில் ஒரு வெள்ளைத் துண்டையும் ஒரு கறுப்புக் குடைத் துணியையும், கேமராவை ஆட்டோவில் வைத்து, தனித்தனியாகச் சட்டம் நிறைய எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வந்து நிற்கும். அதைக் கண்ணால் கண்டபின் குழப்பம் இருக்காது.

2. நம் மக்களின் முகத்தை அதன் நிறத்திலேயே எடுங்கள்.

இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கலர் பிலிம் காலத்தில், படம் கழுவி அச்சிடும் லேப்கள் நிறத்தைச் சரிபார்ப்பதற்காக கோடக் நிறுவனம் மாதிரி அட்டைகளை அனுப்பும். ஷெர்லி அட்டை என்று பெயர். நெடுங்காலம் அந்த அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று கணக்கு. கறுத்த முகங்களின் நுட்பங்களெல்லாம் அந்தக் கணக்கில் அமுங்கிப் போயின. இன்றைய டிஜிட்டல் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே கறுத்த முகம் படத்தில் சரியாக வரவில்லை என்றால் அது எடுப்பவர் கையில் உள்ள குறை.

இரண்டு நிலைமைகளைப் பழகுங்கள். கறுத்த முகத்துக்காரர் வெளுத்த வானத்தின் முன்னோ வாசற்படியில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டியோ நின்றால், மீட்டர் வெளிச்சத்தைக் கண்டு பயந்து முகத்தை இருட்டாக்கிவிடும். அங்கே +1, சில நேரம் +2 வரை கூட்டுங்கள். பின்னால் வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். அதே முகம் நிழலான சுவரின் முன் சட்டம் நிறைய இருந்தால், மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்த்துத் தோலின் ஆழத்தை அழித்துவிடும். அங்கே குறைக்க வேண்டும்.

கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. நேர் எதிரில் அடிக்கும் ஃபிளாஷ் அதைத் தட்டையாக்கிவிடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து எடுங்கள். கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஒளி வழுக்கிக்கொண்டு போவது தெரியும். கேமராவிலோ போனிலோ முகத்தை வழுவழுப்பாக்கி வெளுக்க வைக்கும் அழகு மோடு இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டியின் நிறத்தை மாற்றிக் கொடுப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

3. துளை, நேரம், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் ஒரே அளவுகோலில் யோசியுங்கள்.

நேரம் என்பது ஷட்டர் திறந்திருக்கும் பொழுது. ஐ.எஸ்.ஓ. என்பது ஒளிக்குக் கேமராவின் உணர்திறன். மூன்றுக்கும் பொதுவான அளவுகோலுக்கு ஸ்டாப் என்று பெயர். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பு, குறைந்தால் பாதி. அப்பர்ச்சர் எனும் துளைக்கு 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் போகும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். எண் ஏற ஏறத் துளை ஏன் சிறுக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். லென்ஸின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பதுதான் அந்த எண். 50 மி.மீ. லென்ஸில் துளை 25 மி.மீ. என்றால் எஃப் 2. துளை சிறுத்தால் வகுத்து வரும் எண் பெருகத்தானே செய்யும்.

மீட்டரையே நம்பாமல் ஒருநாள் பழகுங்கள். மேகமில்லாத வெயிலில், எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் எம் மோடில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/125 நொடி என்று வைத்து வெயில் நேராக விழும் ஒன்றை எடுங்கள். படம் சரியாக வரும். பிலிம் பெட்டிகளில் அச்சிட்டிருந்த பழைய விதி இது. பிறகு எஃப் 11-ல் 1/250, எஃப் 8-ல் 1/500 என்று மாற்றி எடுங்கள். மூன்றிலும் வெளிச்சம் ஒன்றே. மாறுவது, பின்னால் இருப்பது எவ்வளவு தெளிகிறது, ஓடுவது எவ்வளவு உறைகிறது என்பவை மட்டும். அன்றாடம் எடுக்க அப்பர்ச்சரை நீங்கள் வைத்து ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் ஏ அல்லது ஏவி மோடு போதும்.

4. ஷட்டர் வேகத்தைச் செயலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ஓடும் குழந்தைக்கு 1/500. சல்லிக்கட்டுக்கு 1/1000-க்குக் குறையக் கூடாது. பரத நாட்டியத்தில் அரைமண்டியில் ஒரு கணம் நின்றிருக்கும்போது 1/125 போதும், பாய்ச்சலுக்குப் போதாது. சிலம்பத்தில் கம்பு உறைந்து நின்றால் சுழற்சியே தெரியாது. 1/30-க்கு இறக்கி, ஆடுபவர் முகம் ஓரளவு நிலைத்திருக்கும் கணம் பார்த்து எடுத்தால் கம்பு வட்டமாக விழும். பல முறை எடுத்தால்தான் ஒன்று வரும், அது இயல்பு.

கை நடுக்கத்துக்குத் தனிக் கணக்கு. லென்ஸின் மி.மீ. எவ்வளவோ அதற்குக் குறையாத வேகம் வேண்டும். சிறிய சென்சார் கேமராக்களில் அதை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்குங்கள். 50 மி.மீ. என்றால் 1/80. லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையைச் சரிசெய்யும். எதிரில் அசைபவரை அதனால் நிறுத்த முடியாது.

5. ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயப்படாதீர்கள்.

அதை ஏற்றுவதால் புள்ளி புள்ளியாக வந்தாலும் அது படம். அசைந்து மங்கியதை யாராலும் மீட்க முடியாது. மாலைக்குப் பின் 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள்.

6. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற நேரத்தைப் பிடியுங்கள்.

வடக்கே குளிர்நாடுகளில் இருப்பவர்கள் எழுதிய பாடங்களில் பொன்னொளி நேரம் என்று ஒரு மணி நேரத்தைச் சொல்லியிருப்பார்கள். அங்கே சூரியன் சாய்ந்து மெதுவாக ஏறும். இங்கே ஏறக்குறையச் செங்குத்தாக ஏறும். விடிந்து அரை மணி, முக்கால் மணியில் அந்த மென்மை போய்விடும். அந்தியும் அப்படியே சட்டென்று முடியும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் கிழக்கு முகத்தில் முதல் ஒளி விழுவதை எடுக்க வேண்டுமென்றால், இருட்டிலேயே கிளம்பி, உதயத்துக்கு முன் அந்தக் கரைக்கு வந்துவிட வேண்டும்.

ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. கண்குழியில் நிழல் விழுந்து எந்த முகமும் களைத்துத் தெரியும். அந்த வேளையில் ஆட்களைத் திண்ணைக்கோ தாழ்வாரத்துக்கோ அழைத்துப் போங்கள். நிழலில் இருந்துகொண்டு வெளிச்சமான முற்றத்தைப் பார்க்க உட்காரவையுங்கள். வெயில்பட்ட தரை ஒளியைக் கீழிருந்து முகத்துக்கு அனுப்பும். ஸ்டுடியோ விளக்கில் கிடைக்காத ஒளி அது.

7. பந்தலிலும் மண்டபத்திலும் நிறத்தைக் கவனியுங்கள்.

ஷாமியானா துணி சிவப்பென்றால் அதன் கீழே நிற்கும் அத்தனை முகத்திலும் சிவப்பு ஏறும். ஓரத்தில் ஒரு பக்கம் பகல் வெளிச்சம், மறுபக்கம் துணி நிறம் என்று கலந்துவிட்டால் எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் சேர்த்துத் திருத்தாது. குடும்பப் படத்துக்குப் பந்தலை விட்டு நிழலான வெளிக்கு வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. குத்துவிளக்கு ஒளியில் எடுக்கும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். வெயில் குறியிட்ட அமைப்புக்கு மாற்றினால் விளக்கின் சூடு படத்தில் இருக்கும்.

மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்தால் கேமரா பழுது என்று எண்ண வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் துடிப்பு முழுதாக அடங்கிவிடும், பட்டை போய்விடும்.

8. ஃபோகஸ் எங்கே விழ வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால், பல நேரம் அது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையையோ மாலையையோ பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, நமக்கு அருகில் உள்ள கண்ணில் வையுங்கள். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் பயன்படுத்துங்கள். அசைவதற்குத் தொடர் ஃபோகஸ், நிற்பதற்கு ஒற்றை.

9. அடுத்த கேமராவுக்கு அவசரப்படாதீர்கள்.

12-க்கு 8 அங்குலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 9 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். இன்று விற்கும் சாதாரணக் கேமராவில் 24 இருக்கிறது. காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்துக்கொண்டவர். 'சூப்பர் பொண்டரோசா' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் யானைகளை எடுத்தார். யானையை அவர் அறிந்திருந்ததுதான் அந்தப் படங்களில் தெரிகிறது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு வேலை செய்தவர். அதே பார்வை சிறிய சென்சாரில் வேண்டுமென்றால் 35 மி.மீ. தேவை. நம் வீட்டு அறைகள் சிறியவை. 50-ஐ வாங்கிவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நிற்காதீர்கள். இரண்டாவது லென்ஸ் வாங்குவதானால் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள்.

10. ஆளை எடுக்குமுன் கேளுங்கள்.

சந்தையிலோ வயலிலோ வேலை செய்பவரைத் தூர லென்ஸில் ஒளிந்து எடுக்காதீர்கள். அருகில் போய், பேசி, கேட்டு எடுங்கள். மறுத்தால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். குழந்தைகளானால் பெற்றவரைக் கேளுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தலைக்குப் பின்னால் கம்பமோ விளம்பரப் பலகையோ முளைத்திருக்கிறதா என்று பார்த்து இரண்டடி நகர்ந்துவிடலாம்.

11. ரா கோப்பில் எடுங்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு, ஜேபெக் கேமராவே முடித்துத் தரும் படம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். 14 பிட் ராவில் 16,384. தவறாக இருண்ட முகத்தை மீட்க அந்த மிச்சம்தான் உதவும். வெயிலில் பின்திரையின் வெளிச்சத்தை நம்பாதீர்கள். படத்தில் இருட்டு முதல் வெளிச்சம் வரை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம். அதன் வலது ஓரத்தில் கோடு முட்டி நின்றால் வெள்ளைப் பகுதி விவரமிழந்து போயிற்று என்று பொருள்.

12. பூஞ்சையிலிருந்து லென்ஸையும் வெள்ளத்திலிருந்து படங்களையும் காப்பாற்றுங்கள்.

கடலோர ஈரக்காற்றில் தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடுகாட்டி உலர்த்துங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவைப் பையிலேயே அரை மணி வைத்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் ஆவி படியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் கல்யாண ஆல்பங்கள் ஊறிப் போயின. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. உங்கள் படங்களுக்கு மூன்று பிரதி இருக்கட்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. ஃபோல்டரின் பெயரில் தேதி, ஊர், ஆட்களின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். அதற்குமுன் மூன்று பிரதிகளிலும் படங்கள் திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.