பெருமாள்மலைப் படச்சுருள்களும் டிஜிட்டல் படியெடுப்பும்

தமிழ்த்துறைக்கும் ஒளிப்படச் சுருளுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். ஓலைச்சுவடிகளைத் தலைமுறைதோறும் படியெடுத்துக் காத்தமையால்தான் பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு எட்டின என்று வகுப்பறையில் ஓயாது கூறுபவர்கள் நாம். ஆயினும் களப்பணியில் எடுத்த ஸ்லைடுகளும் நெகட்டிவ்களும் நம் கண்முன்னேயே பூஞ்சை பூத்து அழிவதை வாளா பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவற்றை டிஜிட்டல் காமிராவால் படியெடுத்த பட்டறிவே இக்கட்டுரையின் பொருள்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையும் பழனியிலிருந்து ஏறும் சாலையும் கூடுமிடம் பெருமாள்மலை. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் அங்கே காபித் தோட்டங்களின் நடுவே வாழ்கிறார். பழனிமலைத் தொடரின் கல்திட்டைகளைக் காண மாணவர்களை அழைத்துச் சென்ற காலத்தில் அவர் எடுத்த படங்கள் இரண்டு தகரப் பெட்டிகளில் இருந்தன. இக்கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்னும் இரு பாதிரியார்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அதன் பின்னர்ப் பல கற்கள் பெயர்ந்தன, சில வேலிக்கல்லாயின. ஆகவே அப்பெட்டிகளில் இருந்தவை வெறும் சுற்றுலாப் படங்கள் அல்ல.

மலையின் ஈரக்காற்று படச்சுருளுக்குப் பகை. ஒளியுணர் பூச்சில் உள்ள ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்லுணவு. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் எளிதில் கரைந்துவிடும். எனவே ஈரத்துணியால் துடைப்பவர் பூஞ்சையோடு படத்தையும் சேர்த்தே துடைக்கிறார். காற்றூதும் ரப்பர்க் குமிழும் மென்தூரிகையுமே நாம் கைக்கொண்டவை. பல ஸ்லைடுகளில் நீலப்பச்சைச் சாயம் மங்கிப்போய், படம் முழுவதும் செம்மை படர்ந்திருந்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களே நன்னிலையில் இருந்தன. அவற்றுள் சில, 1960இல் உதகையில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருள்கள். அவ்வாலையில் இன்று உற்பத்தி இல்லை.

முறை கடினமானதன்று. வெண்ணிற எல்.இ.டி. ஒளிப்பலகையின் மேல் சிறிது இடைவெளி விட்டுப் படத்தைக் கிடத்தி, அண்மைப்படம் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் பூட்டிய காமிராவைத் தாங்கியில் நேர்கீழாக நோக்குமாறு நிறுத்த வேண்டும். காமிராவும் படமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லையேல் ஒரு மூலை தெளிந்து மறுமூலை மங்கும். இதனை அறியப் படத்தின் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துப் பார்த்தோம். லென்ஸின் பிம்பம் திரையின் நட்ட நடுவில் தோன்றினால் இணை சரி. அறை விளக்கை அணைத்து, உணர்திறனை 100 ஐ.எஸ்.ஓ. அளவிலும் துளையை எஃப் 8 அளவிலும் வைத்து, கை படாமல் தாமதப் பொத்தானால் இயக்கினோம். 36 மி.மீ. அகலமுள்ள படத்தை 6,000 புள்ளிகளாகப் பதியும் 24 மெகாபிக்சல் காமிராவில் ஒரு புள்ளியின் அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 6 பங்கு. சாதாரணச் சுருளின் மணித்துகள்களே தெரியத் தொடங்கும் நிலை அது. அதற்கு மேல் செலவிடுதல் வீண் என்பது நம் கருத்து. வண்ண நெகட்டிவ்கள் மட்டும் பொறுமையைச் சோதித்தன. அவற்றின் செம்மஞ்சள் அடிநிறத்தை நீக்காமல் தலைகீழாக்கினால் முகமெல்லாம் நீலம் பாயும். படம் பதியாத ஓரப்பகுதியை அளவாகக் கொண்டு அதனைச் சரிசெய்தோம்.

முதல் நாள் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. நாற்பது ஸ்லைடுகள் முடிந்த பின்னர், பேருந்து ஒன்றின் பெயர்ப்பலகையில் எழுத்துகள் இடவலம் மாறி நிற்கக் கண்டோம். பூச்சுள்ள மங்கிய பக்கத்தை மேலே வைத்து எடுத்ததன் விளைவு அது. பளபளப்பான பக்கமே காமிராவை நோக்க வேண்டும். எழுத்துள்ள படத்தில் பிழை தானே வெளிப்பட்டது. எழுத்தில்லாத மலைப்படத்தில் யார் கண்டுபிடிப்பார்? "அந்தச் சரிவு வலப்பக்கம் இறங்கும் ஐயா, நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன்" என்று பேராசிரியர் சன்னலுக்கு வெளியே பெருமாள் சிகரத்தைக் காட்டினார். சுவடி பெயர்த்தெழுதுவோரால் பாடபேதம் புகுவதுபோல் காமிராவாலும் புகும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இதே பணியைப் பேரளவில் செய்த இடம் அங்கிருந்து மேலே செல்லும் சாலையில் உள்ளது. 1899இல் நிறுவப்பெற்ற கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைக் கண்ணாடித் தட்டுகளிலும் பின்னர்ச் சுருள்களிலும் படம் பிடித்து வந்தனர். சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். ஏறத்தாழ நூறாண்டுப் படங்களை, 4096க்கு 4096 புள்ளிகள் கொண்டதும் பூச்சியத்திற்குக் கீழ் 100 பாகை வரை குளிர்விக்கப்பட்டதுமான காமிராக்களால் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் படியெடுத்தனர். தட்டின் பின்னே சீரான ஒளி விழுமாறு உட்புறம் வெண்பூச்சுள்ள கோளம் ஒன்றை அமைத்தனர். தட்டே இல்லாமல் ஒளியை மட்டும் படமெடுத்து, ஒளியின் ஏற்றத்தாழ்வை அளந்து கழிப்பது இத்தகைய பணியில் வழக்கம். நாமும் வெற்று ஒளிப்பலகையைப் படமெடுத்துப் பார்த்தோம். சீரானது என்று நம்பிய பலகையின் ஒரு மூலை இருண்டிருந்தது.

ஆய்வகத் தட்டுகளில் உருவத்தைவிட அருமையானது, அதனோடு குறிக்கப்பட்ட நாளும் நேரமும் ஆகும். கால்சியம் ஒளியில் எடுத்த படங்களில், கருவியின் அமைப்பினால் சூரிய உருவம் நேரத்திற்கேற்பச் சுழன்று விழும். நேரம் பிழையானால் சூரியனின் வடக்கு எது என்ற கணக்கே பிழையாகும். சுவடியின் ஈற்றில் எழுதியவர் பெயரையும் முடித்த நாளையும் குறிக்கும் நம் மரபு இங்கே நினைக்கத்தக்கது.

இது கண்டபின் முறையை மாற்றினோம். ஒவ்வொரு ஸ்லைடையும் இருமுறை எடுத்தோம்: ஒளி ஊடுருவப் படத்தை ஒருமுறை, மேலிருந்து ஒளி பாய்ச்சி அட்டைச் சட்டத்தில் பேராசிரியர் பென்சிலால் எழுதியதை மறுமுறை. இரு கோப்புகளுக்கும் ஒரே எண் இட்டு, ஒரு படி அவரிடத்தும் ஒரு படி துறையிலும் வைத்தோம். மூலத்தை எறியவில்லை. உலர்த்தும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் இட்டோம்.

'பேத்துப்பாறை', 'தாண்டிக்குடி' என்று ஊர்ப்பெயர் உள்ளவை பெரும்பாலும் தெளிந்தன. 'பெருமாள்மலை - 3' என்று மட்டும் எழுதிய ஸ்லைடில், சாய்ந்த மூடுகல்லின் மேல் ஒரு மாணவர் சிரித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். ஆண்டு இல்லை. அக்கல் எத்தோட்டத்தில் நின்றது என்பது பேராசிரியருக்கும் நினைவில்லை. அம்மாணவர் நம் துறையில் பயின்றவர் என்பது மட்டும் உறுதி. அவரையோ அக்கல்லையோ அடையாளம் காணக்கூடிய பழைய மாணவர் எவரேனும் இம்மலரைப் படித்தால் துறைக்கு எழுதுமாறு வேண்டுகிறோம்.