வலியின் வாயில்

திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர் நாள்முழுதும் அரத்தால் இரும்பை அராவுகின்றனர். அருகிலுள்ள சின்னாளப்பட்டி நெசவாளர் தறியின் முன் குனிந்தே அமர்ந்திருக்கின்றனர். தோளிலும் இடுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் வலி, கூலியையும் உறக்கத்தையும் ஒருங்கே பறிக்கிறது.

இத்தகைய நாட்பட்ட வலிக்கு இயன்முறை மருத்துவர் கையாளும் வழிகளுள் ஒன்று, தோல்வழி மின் நரம்புத் தூண்டல். தோலில் ஒட்டிய மின்வாய்கள் வழியே மெல்லிய மின்துடிப்புகள் செல்லும்போது குறுகுறுப்பு மட்டுமே தோன்றும். மின்சாரத்தால் வலி தணிப்பது புதிதன்று. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாத வலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைக் காலடியில் வைக்கச் சொன்னார்! விளக்கம் கிடைத்ததோ 1965இல்தான். தண்டுவடத்தில் வலிச்செய்திக்கு ஒரு வாயில் உண்டு; தொடுவுணர்வைச் சுமக்கும் பருத்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் அது சற்றே சாத்தப்படும் என்றனர் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால் வலி தணிவதும் இவ்வாறே.

சாத்திய வாயில் மீண்டும் திறக்கும். கருவியை நிறுத்தியபின் வலி பெரும்பாலும் திரும்பிவிடும். பயனும் எல்லார்க்கும் ஒன்றுபோல் இல்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரின் இசைவின்றி இதனைப் பயன்படுத்துதல் கூடாது. வலி தணிந்திருக்கும் அச்சிறுபொழுதில் உடற்பயிற்சிகளைச் செய்ய முடிவதே, மறுநாளும் தறியில் அமர வேண்டியவருக்கு இக்கருவியால் விளையும் பெரும்பயன்.