தட்டு ஒன்று கெட்டால்? இல்லச் சேமிப்பகம் அமைக்கும் முறை

பொருளைச் சேர்ப்பது ஒரு திறம். சேர்த்ததைக் கெடாமல் காப்பது மற்றொரு திறம். பணத்திற்குச் சொல்லும் இவ்வுண்மை, நம் இல்லங்களில் இன்று குவிந்து கிடக்கும் படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் பொருந்தும். முன்பு பரணிலும் இரும்புப் பெட்டியிலும் இருந்தவை இன்று உள்ளங்கை அகலமுள்ள ஒரு கருவிக்குள் அடங்கிவிட்டன. வசதி பெருகியது, எல்லாவற்றையும் ஒரே நொடியில் இழந்துவிடும் அச்சமும் கூடவே வந்தது. அவ்வச்சத்தை நீக்கும் வழிகளைப் பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையிலும், குடும்பத்திற்காக ஒரு சேமிப்பகம் அமைத்தவன் என்ற முறையிலும் விளக்க முற்படுகிறேன். ‘ஹார்ட் டிஸ்க்’ என்பதைத் ‘தட்டு’ என்றே இனிக் குறிப்பேன்.

தட்டின் இயல்பு

1956-ஆம் ஆண்டில் ஐ. பி. எம். நிறுவனம் முதல் தட்டுக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று கடையில் வாங்கும் 8 டெராபைட் தட்டு ஒன்றில் 8 இலட்சம் கோடி எழுத்துகள் அடங்கும். ஆனால் இயங்கும் முறை மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, படிக்கும் முனை அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. இத்தகைய பொறி என்றேனும் ஒரு நாள் நின்றே தீரும். என்று நிற்கும் என்பதை மட்டும் எவராலும் கூற இயலாது. ஆதலின், ஒரு தட்டு கெடுவதை எதிர்பார்த்தே சேமிப்பகத்தை அமைக்க வேண்டும்.

இரு வழிகள்

எளிய வழி, ஒரே செய்தியை இரண்டு தட்டுகளில் எழுதுவது. இதனைக் கண்ணாடி முறை எனலாம். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும். ஆனால் இரண்டு தட்டுக்கு விலை கொடுத்து ஒரு தட்டின் கொள்ளளவையே பெறுகிறோம்.

இரண்டாவது வழி சிக்கனமானது. 1988-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் ‘ரெய்டு’ என்னும் பெயரில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். விலை குறைந்த பல தட்டுகளை இணைத்து, கூடுதல் செய்தி சிறிது சேர்த்து, பழுதைத் தாங்கச் செய்யலாம் என்பது அதன் சாரம். அக்கூடுதல் செய்தி ‘பாரிட்டி’ எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். மூன்று தட்டுகளில் 1011, 0110, 0011 என்னும் எண்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு நிரலிலும் உள்ள ஒன்றுகளை எண்ணுக. ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 0 என்று எழுதுக. 1110 கிடைக்கும். அதனை நான்காம் தட்டில் வைக்கிறோம். இப்போது இரண்டாம் தட்டு கெட்டது. எஞ்சிய 1011, 0011, 1110 ஆகியவற்றை அதே முறையில் எண்ணினால் 0110 கிடைக்கிறது. இழந்த எண் மீண்டு வந்துவிட்டது! நான்கு தட்டுகளில் மூன்றின் கொள்ளளவு நமக்குப் பயன்படுகிறது. இரட்டைப் பாரிட்டி அமைத்தால் இரண்டு தட்டுகள் கெட்டாலும் தாங்கும். கொள்ளளவில் இரண்டு தட்டு குறையும்.

மீட்கும் நேரம்

சிக்கனம் என்று கேட்டவுடன் பாரிட்டியையே தேர்ந்துவிடலாகாது. கெட்ட 8 டெராபைட் தட்டிற்குப் பதில் புதிய தட்டு வைத்து, நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும், நிரப்ப ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். அதுவரை மற்றத் தட்டுகள் அனைத்தையும் முழுமையாகப் படித்தாக வேண்டும். ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த தட்டுகள் அவை. அந்நேரத்தில் இன்னொன்று கெட்டால் ஒற்றைப் பாரிட்டி காப்பாற்றாது. எனவே பெரிய தட்டுகள் பல இருப்பின் இரட்டைப் பாரிட்டியே தக்கது.

வாங்கும்போது ஒன்று கவனிக்க. சில தட்டுகளில் தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதுகிறார்கள். ஒரு தடத்தைத் திருத்த அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால், மீட்கும் வேலை பன்மடங்கு நீளும். ‘சி. எம். ஆர்.’ எனக் குறிக்கப்பட்ட தட்டையே தேர்க.

மற்றொரு நுட்பமும் உண்டு. இரண்டு ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் கண்டால், எது மூலபாடம் எனப் பதிப்பாசிரியர் திகைப்பார் அல்லவா? கண்ணாடி முறைக்கும் அதே திகைப்பு உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தோன்றிய ‘இசட். எப். எஸ்.’ முறை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைத் தனியே குறித்து வைக்கிறது. எந்தப் படி மெய் என்பதை அவ்வெண் காட்டிவிடும்.

வளரும் வழி

இன்று 3 டெராபைட் உள்ள இல்லத்தில் சில ஆண்டுகளில் 6 ஆகும். வழக்கமான பாரிட்டி முறையில் தட்டுகள் யாவும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். 4, 4, 4, 8 என வைத்தால் கடைசித் தட்டில் பாதி வீணே. ‘அன்ரெய்டு’ போன்ற முறைகளில் வெவ்வேறு அளவுகளைக் கலக்கலாம். பாரிட்டித் தட்டு மட்டும் மற்றெதனினும் சிறியதாக இருக்கக்கூடாது. இசட். எப். எஸ். பாரிட்டித் தொகுதியில் தட்டை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வசதி 2025 சனவரியில்தான் வெளியீட்டிற்கு வந்தது. கண்ணாடி முறையிலோ இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

இணைப்பு வேறு, காப்பு வேறு

இக்கட்டுரையில் தலையாய கருத்து இதுவே. தவறுதலாக ஒரு படத்தை அழித்தால், கண்ணாடித் தட்டிலும் அது அந்நொடியே அழியும். திருட்டு, தீ, வெள்ளம், இடி ஆகியவை பெட்டி முழுவதையும் கொண்டுபோகும். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் ஒரே இரவில் சாம்பலாயின. அனைத்தும் ஒரே கட்டடத்தில் இருந்தன.

காப்புப் படி இருந்தாலும் போதாது. அது திறக்குமா என்று பார்க்க வேண்டும். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழிந்தன. காப்புப் படியோ பழுதுற்றிருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சூஸ்மன் என்னும் அம்மையார் இல்லத்தில் வைத்திருந்த படியே படத்தை மீட்டது. மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேற்றிடத்தில் என்று அறிஞர் வகுத்த விதியின் பொருள் இதனால் விளங்கும்.

நாங்கள் தேர்ந்தது

எங்கள் இல்லம் நாகபுரியில். சொந்த ஊர் திருச்சி. எங்களிடம் இருந்த 3 டெராபைட்டில் பெரும்பகுதி திரைப்படங்கள். போனால் மீண்டும் பெறலாம். ஆனால் 200 கிகாபைட் அளவில் குடும்பப் படங்களும், அப்பாயி பாடிய தாலாட்டுகளும் நடவுப் பாட்டுகளும் உள்ளன. அப்பாயி இன்று இல்லை. அப்பாட்டுகளை முழுதும் அறிந்தவர் எங்கள் குடும்பத்தில் வேறு எவரும் இல்லை. என் தங்கை தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவள். ஆயினும் அப்பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே பாடக் கற்றுக்கொண்டாள்.

எனவே, நான்கு தட்டு பொருந்தும் பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு 8 டெராபைட் தட்டுகளை வெவ்வேறு கடைகளில் வாங்கிக் கண்ணாடி முறையில் அமைத்தோம். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பலாகாது என்று கொண்டால் 6.4 டெராபைட் பயன்படும். ஆண்டுக்கு அரை டெராபைட் வளர்ந்தாலும் ஏறத்தாழ ஏழு ஆண்டு போதும். பின்னர் காலி இடத்தில் ஒரு சோடி சேர்ப்போம். நாகபுரிக் கோடை 45 பாகையைத் தொடுவதால், பெட்டியைக் காற்றோட்டமான உள்ளறையில், யு. பி. எஸ். கருவியுடன் வைத்துள்ளோம். மூன்றாம் படி தனித் தட்டு ஒன்றில் திருச்சியில் மாமா வீட்டில் உள்ளது. மீண்டும் பெற இயலாத 200 கிகாபைட்டை மட்டும் மறைகுறியிட்டு இணைய மேகத்திலும் வைத்தோம்.

பொருள் முடை உள்ள நண்பர்கள் பெட்டியை ஒத்திப்போடலாம். தனித் தட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வேற்றூரில் வைப்பதை ஒத்திப்போடலாகாது. தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இரண்டு ஊர்களில் இல்லம் உண்டு. ஒவ்வொரு பொங்கல் விடுமுறைக்கும் ஊர் செல்லும்போது புதுப்பித்த தட்டைக் கொண்டுசெல்க. பழையதை வாங்கி வருக. கொடுக்கும் முன், பத்துக் கோப்புகளையேனும் திறந்து பார்த்துக் கொடுக்க.